லத்தீன் வகுப்பு: இலக்கை முன்வைத்துப் பாடத்திட்டம் எழுதுவது எப்படி?

கேள்வி: சேந்த்-ஆந்த்ரே ஆசிரியை, ரீயூனியன்

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு கொலேழில் (நடுநிலைப் பள்ளியில்) பிரெஞ்சும் லத்தீனும் கற்பிக்கிறேன். லத்தீன் இங்கே விருப்பப் பாடம். பிள்ளைகள் அதைச் சேன்கியேம் வகுப்பில், ஏறத்தாழ 12 வயதில், தொடங்குகிறார்கள். (பிரெஞ்சு முறையில் வகுப்பு ஏற ஏற எண் இறங்கும், சேன்கியேமுக்கு மேலே கத்ரியேம், அதற்கும் மேலே த்ருவாசியேம்.) முதலாண்டில் வாரத்திற்கு ஒரு மணி நேரம்தான், அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று மணி நேரம் வரை கிடைக்கலாம். ஆகஸ்டு நடுவில் பள்ளி திறந்து ஜூலைத் தொடக்கத்தில் மூடும் வரை 36 வாரங்கள் என்று கணக்கு. புயல் எச்சரிக்கையால் பள்ளி மூடும் நாட்களையும் தேர்வு, சுற்றுலா என்று போகும் நாட்களையும் கழித்தால் என் கைக்கு 30 வகுப்புகள்கூடத் தேறுவதில்லை.

கடந்த மாதம் என் வகுப்பைப் பார்வையிட வந்தவர் பின்வரிசையில் அமர்ந்து முழுவதையும் கவனித்துவிட்டு, இறுதியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு மணி நேரத்துக்கு முன்னால் செய்ய முடியாத எதை இந்தப் பிள்ளைகளால் இப்போது செய்ய முடியும்?” நான் பாடத்திட்டத் தாளை நீட்டினேன். அதில் ‘இலக்கு’ என்ற கட்டத்தில் ‘முதலாம் பெயர்த்திரிபு, ஒருமையும் பன்மையும்’ என்று எழுதியிருந்தேன். (லத்தீன் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறும் ஐந்து முறைகளில் முதலாவது அது.) அது பாடத்தின் பெயர்தானே தவிர இலக்கு அல்ல என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் நானே சோதித்துப் பார்த்தேன். பலகையில் ‘ஃபீலியா நாவுதம் ஆமத்’ என்று எழுதினேன். மகள் மாலுமியை நேசிக்கிறாள் என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அதன் கீழே அதே மூன்று சொற்களை ‘நாவுதம் ஃபீலியா ஆமத்’ என்று மாற்றி எழுதியதும், மாலுமி மகளை நேசிக்கிறான் என்று ஏறக்குறைய வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. முதல் பெஞ்சில் இருந்த பையனின் நோட்டுப் புத்தகம் திறந்தே இருந்தது. சென்ற வாரம் அவன் கைப்படச் சிவப்பு மையில் எழுதிய ‘நாவுதம்’ அட்டவணையில் இரண்டாம் வேற்றுமைக் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவனும் தவறாகத்தான் சொன்னான். பிரெஞ்சிலும் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் வினைக்கு முன்னால் வருவதே எழுவாய் என்ற பழக்கம் அவர்களுக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போகும் ஒரு சிறுமி மட்டும் தயங்கித் தயங்கி, “இல்லை மதாம், ‘ம்’ வைத்த சொல்லைத்தானே நேசிக்கிறாள்?” என்றாள்.

என் கேள்விகள் இவை. ஒரு வகுப்புக்கான இலக்கை எந்தச் சொற்களில் எழுத வேண்டும்? அப்படி எழுதத் தொடங்கினால் இலக்கணத்தின் வரிசை சிதறிப் போகாதா? மதிப்பெண் போடாமல், 55 நிமிடங்களுக்குள்ளேயே, இலக்கு எட்டப்பட்டதா என்று அறிவது எப்படி? லத்தீன் அறியாதவர்களாயினும், வேறு மொழி கற்பிக்கும் ஆசிரியர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ரோஸ்-ஹில் தமிழாசிரியர், மொரிஷியஸ்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். இளமையில் கல்லூரியில் படித்த லத்தீன் கொஞ்சம் நினைவில் இருக்கிறது. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

நான் பாடத்திட்டம் எழுதும்போது முதலில் எழுதுவது வகுப்பின் கடைசி ஐந்து நிமிடங்களைத்தான். உள்ளங்கை அளவு துண்டுச் சீட்டு ஒன்றைத் தயாரித்து, பிள்ளைகள் வெளியே போகும்போது அதை நிரப்பி என் மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டில் என்ன கேட்கப் போகிறேன் என்பது முடிவாகிவிட்டால், அதுவே அன்றைய இலக்கு. சீட்டில் கேட்க முடியாத ஒன்றை நான் இலக்காக எழுதுவதில்லை. ‘அறிவர்’, ‘உணர்வர்’, ‘புரிந்துகொள்வர்’ ஆகிய வினைகளை என் திட்டத் தாளிலிருந்து அறவே நீக்கிவிட்டேன். ஒரு பிள்ளை புரிந்துகொண்டதை என் கண்ணால் பார்க்க முடியாது. அடிக்கோடிடுவதை, பொருத்துவதை, மாற்றி எழுதுவதை, காரணம் காட்டிச் சொல்வதைப் பார்க்க முடியும்.

உங்கள் மாலுமி வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘இதற்கு முன் பார்த்திராத ஆறு வாக்கியங்களில், சொற்கள் எந்த வரிசையில் வந்தாலும், செய்பவர் யார், செயலை ஏற்பவர் யார் என்பதைப் பிள்ளை சொல்லின் ஈற்றைக் காட்டிச் சொல்லும், ஆறில் குறைந்தது ஐந்து சரியாக இருக்கும்.’ என்ன செய்யும், எதை வைத்துச் செய்யும், எந்த அளவுக்குச் செய்யும் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. ‘பார்த்திராத’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்த்த வாக்கியத்தைக் கொடுத்தால் பிள்ளையின் நினைவாற்றலைத்தான் சோதிப்போம். ஆறில் மூன்று வாக்கியங்களாவது, ‘புவெல்லம் ரேகீனா வோகத்’ (சிறுமியை அரசி அழைக்கிறாள்) என்பதுபோல, செயப்படுபொருளை முன்னே வைத்துத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பிரெஞ்சுப் பழக்கத்தை வைத்தே பிள்ளை தப்பித்துவிடும்.

அட்டவணையைக் கைவிட வேண்டாம். அதன் இடத்தை மட்டும் மாற்றுங்கள். வாக்கியங்களில் ‘ம்’ஐக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் கண்டுபிடிப்பைப் பதிந்து வைக்கும் இடமாக அட்டவணை வரட்டும். தமிழ்ச் சிறுமிக்கு விடை பிடிபட்டதில் எனக்கு வியப்பில்லை. ‘மாலுமியை மகள் நேசிக்கிறாள்’ என்று சொன்னால் நம் காதுக்கு உறுத்துவதே இல்லை அல்லவா?

எங்கள் தீவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் தருகிறேன். 1906ஆம் ஆண்டு வழங்கப்பட்ட மொரிஷியஸ் அரசுச் சின்னத்தின் கீழே ‘ஸ்தெல்லா க்ளாவிஸ்க்வே மாரிஸ் இந்திகி’ என்று எழுதியிருக்கிறது: இந்தியக் கடலின் நட்சத்திரமும் திறவுகோலும். இதில் ‘க்வே’ என்பது நம் ‘உம்’தான், தனிச் சொல்லாக நிற்காமல் முன்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. நாம் இரண்டு சொல்லிலும் ‘உம்’ போடுகிறோம். லத்தீன் இரண்டாவதில் மட்டும் போடுகிறது. ‘க்வே ஒட்டிய சொல்லைப் பிரித்து, அது எந்த இரண்டை இணைக்கிறது என்று காட்டும்’ என்பது ஒரு வகுப்புக்கு முழுமையான இலக்கு. நான்கு சொற்களில் ஒரு நாட்டின் பெயர்ப்பலகையையே படித்துவிட்ட மகிழ்ச்சியும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

மறுமொழி 2: டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

அம்மையீர், நான் ஆசிரியன் அல்லன். லத்தீனைக் கட்டாயத்தின் பேரில் படித்தவன். தென்னாப்பிரிக்காவில் அட்வகேட்டாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் லத்தீனில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 1990களின் நடுப்பகுதி வரை இருந்தது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லூரியில் படித்த எங்களுக்கு அந்தப் பாடம் ஒரு சுங்கச்சாவடி மாதிரி. கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கடந்து போனோம். ஐந்து பெயர்த்திரிபுகளையும் தலைகீழாக ஒப்பிப்பேன். ஆனால் முதன்முதலாக நீதிமன்றத்தில் நின்றபோது, அன்றாடம் காதில் விழும் தொடர்களில் ஒன்றைக்கூடச் சொல் சொல்லாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

‘அவ்தி அல்தெரம் பார்தெம்’ என்ற தொடரைப் பாருங்கள். மறுதரப்பையும் கேள் என்று பொருள். ஒருவருடைய தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாடு இதில்தான் அடங்கியிருக்கிறது. ‘அவ்தி’ என்பது ஏவல் வினை. ‘அல்தெரம்’, ‘பார்தெம்’ இரண்டும் ‘ம்’ என்று முடிகின்றன. ஒன்று முதலாம் திரிபின் ஈறு, மற்றொன்று மூன்றாம் திரிபின் ஈறு. ஆனால் இரண்டும் ‘ஐ’ உருபின் வேலையையே செய்கின்றன. எங்கள் பாடத்தில் மூன்றாம் திரிபு வருவதற்குள் ஆண்டு பாதி கழிந்துவிட்டது. அதனால் இந்த மூன்று சொல்லை முதல் மாதத்திலேயே படித்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் சொல்லக்கூடியது இதுதான்: அட்டவணையை மேலிருந்து கீழாக, ஒரு திரிபை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குப் பதிலாக, குறுக்காக வெட்டி எடுங்கள். ‘அம்’, ‘உம்’, ‘எம்’ மூன்றையும் ஒரே இலக்கின் கீழ் கொண்டு வாருங்கள்.

இன்னொரு தொடரையும் சொல்ல வேண்டும். அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வளர்ப்பு விலங்கு தன் இயல்பை மீறிப் பிறருக்குக் கேடு செய்தால், உரிமையாளரிடம் தவறு இல்லாவிட்டாலும் அவரே இழப்பீடு தர வேண்டும் என்ற விதிக்கு ‘ஆக்தியோ தே பவ்பெரியே’ என்று பெயர். ரோமானியர்கள் இதைத் தங்கள் பன்னிரு பலகைச் சட்டத்திலிருந்து, அதாவது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து, வருவதாகக் கொண்டார்கள். ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக அது எங்கள் நாட்டுக்கு வந்தது. 2020ஆம் ஆண்டில்கூட, நாய்கள் கடித்ததில் ஒரு கையையே இழந்த ஒருவரின் வழக்கில், உரிமையாளரே பொறுப்பு என்று எங்கள் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே விதியின்படி தீர்ப்பளித்தது. வெளியார் யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நாய், மனிதன், கடிக்கிறது ஆகிய மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ‘கானிஸ் ஹோமினெம் மொர்தெத்’ என்று ஒரு வழக்கையே வகுப்பில் நடத்தலாம். யார் யாரைக் கடித்தார் என்பது ஈற்றில் இருப்பதால், ஈற்றைத் தவறாகப் படித்த பிள்ளை வழக்கையே தலைகீழாக்கிவிடும். வழக்கு தலைகீழாகாமல் இருப்பதுதான் இலக்கு.

மறுமொழி 3: சேன்-பியேர் லிசே ஆசிரியர், ரீயூனியன்

சகோதரிக்கு வணக்கம். தீவின் தெற்கில் நான் லிசே (மேல்நிலைப் பள்ளி) மாணவர்களுக்கு லத்தீன் கற்பிக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் கொலேழில் விதைத்ததை அறுவடை செய்பவன் என்று சொல்லலாம். மேலே இருவரும் சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு, அவற்றைத் திறந்து சொல்வது நல்லது.

முதலாவது, ‘ம் வந்தால் செயப்படுபொருள்’ என்ற விதி உங்கள் வகுப்பில் ஆறு வாரத்துக்கு மிக நன்றாக வேலை செய்யும். ஏழாவது வாரம் ‘பெல்லும்’ என்ற அலிப்பால் சொல் எழுவாயாக வந்து நிற்கும்போது உடைந்துவிடும். போர் என்னும் பொருள்படும் அந்தச் சொல்லுக்கு எழுவாய் வடிவமும் இரண்டாம் வேற்றுமை வடிவமும் ஒன்றே. பன்மையிலோ ‘ஆஸ்’, ‘ஓஸ்’, ‘ஏஸ்’ என்று ‘ம்’ அறவே மறைந்துவிடும். குறுக்கு வெட்டு நல்ல வழிதான். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் இலக்கை எழுதும்போதே அதன் எல்லையையும் எழுதிவிட வேண்டும்: ‘ஆண்பால், பெண்பால் ஒருமைப் பெயர்களில்’ என்ற நான்கு சொற்களைச் சேர்த்தால் போதும். பிள்ளையிடமும் அப்படியே சொல்லலாம்: இந்த மாதத்து வாக்கியங்களில் இது விதி, பிறகு இதற்கு விலக்கு வரும். லிசேக்கு வரும் மாணவர்கள் சிலரிடம் நான் காணும் பெருந்துன்பம், எல்லையில்லாமல் மனத்தில் பதிந்துபோன பாதி விதிகளைப் பிடுங்கி எடுப்பதுதான்.

இரண்டாவது என் உண்மையான கவலை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இலக்கு என்று போனால், 30 வகுப்புகளின் முடிவில் பிள்ளையின் கையில் 30 சில்லறை இருக்கும், நோட்டு இருக்காது. சிறு இலக்குகள் ஒரு பெரிய இலக்கிலிருந்து பிரிந்து வர வேண்டும். நான் பரிந்துரைப்பது இது: மூன்றாண்டு முடிவில், த்ருவாசியேம் பிள்ளை படிக்க வேண்டிய பகுதியை இப்போதே தேர்ந்தெடுங்கள். ரோமானியக் கதைக் கவிஞர் ஃபேத்ருஸ் எழுதிய ஓநாய் ஆட்டுக்குட்டிக் கதை அதற்குப் பொருத்தமானது. அதன் பிரெஞ்சு வடிவத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே மனப்பாடமாக அறிவார்கள், ஆகவே கதை தெரிந்திருக்கும், மொழியை மட்டும் எட்டிப் பிடித்தால் போதும். அதன் தொடக்கத்தைப் பாருங்கள்: ‘அத் ரீவும் எவுந்தெம் லுபுஸ் எத் அக்னுஸ் வேனெரந்த், சிதீ கொம்புல்ஸி’. ஒரே ஓடைக்கு ஓநாயும் ஆட்டுக்குட்டியும் தாகத்தால் உந்தப்பட்டு வந்திருந்தன. இந்த ஒரு வரிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். ‘அத்’துக்குப் பின் வரும் இரண்டாம் வேற்றுமை, ‘வந்திருந்தன’ என்னும் முடிந்த இறந்தகாலம், ‘தாகத்தால்’ என்னும் கருவிப் பொருள், ‘உந்தப்பட்ட’ என்னும் செயப்பாட்டு எச்சம் ஆகிய நான்கும் அதிலேயே வந்துவிடுகின்றன. அடுத்த வாக்கியத்தில் ‘லோங்கேக்வே’ என்று வருகிறது. மொரிஷியஸ் நண்பர் சொன்ன அதே ‘க்வே’. இப்படி வரிவரியாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், முதலாண்டில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதோடு, எதைக் கற்பிக்க வேண்டாம் என்பதும் தெளிவாகும். என் அனுபவத்தில் இரண்டாவது தெளிவுதான் அதிக மதிப்புள்ளது, ஏனென்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டிய நேரம்.

பெயரடை ஒத்திசைவுக்கு, அதாவது பெயரடை தன் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப ஈறு மாறுவதற்கு, ஒரு சிறு குறிப்பு. நம் தீவின் உயிரினங்களே நல்ல பாடப்பொருள். தோட்டத்தில் தினமும் பார்க்கும் சிறு வெள்ளைக்கண்ணிப் பறவையின் அறிவியல் பெயர் ‘சோஸ்தெரோப்ஸ் போர்போனிகுஸ்’. பச்சைப் பல்லியின் பெயர் ‘ஃபெல்சுமா போர்போனிகா’. இரண்டும் பூர்போன் தீவை (ரீயூனியனின் பழைய பெயர்) சேர்ந்தவை என்றுதான் சொல்கின்றன. ஒன்றில் ‘உஸ்’, மற்றொன்றில் ‘ஆ’. ஏன் என்று கேளுங்கள், 20 நிமிடம் தானாக ஓடும்.

கேள்வி கேட்டவர்: சேந்த்-ஆந்த்ரே ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளைப் படித்த பிறகு முதலாண்டுத் திட்டத்தை முழுவதும் கலைத்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். சேன்-பியேர் ஐயா சொன்னபடி த்ருவாசியேமுக்கு ஓநாய்க் கதையை வைத்துக்கொண்டேன். ஆனால் 12 வயதுப் பிள்ளைக்கு மூன்றாண்டு என்பது கண்ணுக்கெட்டாத தூரம். அந்த ஆண்டுக்குள்ளேயே தொடக்கூடிய ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ரீயூனியன் சின்னத்தின் வாசகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்: ‘ஃப்ளோரேபோ க்வோகும்க்வே ஃபெரார்’. எங்கே கொண்டுசெல்லப்பட்டாலும் பூப்பேன்.

இந்த வாசகம் 1664இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரியது; 1925இல் இந்தத் தீவின் சின்னம் வரையப்பட்டபோது அதில் சேர்க்கப்பட்டது. அதே கம்பெனிதான் 1674இல் எங்கள் ஊருக்கு வந்து புதுச்சேரியை வளர்த்தது. கப்பலின் சொந்தக்காரர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாக எழுதிக்கொண்ட வரி அது. ஆனால் என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகவும், 19ஆம் நூற்றாண்டில் தமிழகக் கரைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ‘ஃபெரார்’ என்பது செயப்பாட்டு வினை, போகிறேன் என்று அது சொல்லவில்லை, கொண்டுசெல்லப்படுவேன் என்று சொல்கிறது என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் வகுப்பை நான் நடத்த விரும்புகிறேன். அந்த ஈற்றில் ஒட்டியிருக்கும் ‘ர்’ நம் ‘படு’ செய்யும் வேலையைச் செய்கிறது.

ஆண்டிறுதி இலக்கை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சின்னத்தின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மூன்று சொற்களில் வினைகள் எவை, அவை யாரைக் குறிக்கின்றன, எந்தக் காலத்தைக் குறிக்கின்றன, எது செய்வினை, எது செயப்பாட்டு வினை என்பதை ஈறுகளைக் காட்டித் தன் வீட்டாருக்குப் பிள்ளை விளக்கும்.’ இதிலிருந்து பின்னோக்கி வந்தபோது, ‘போ’ என்ற எதிர்கால ஈற்றுக்கு முன்னால் நிகழ்கால ஈறுகள் ஆறும் வந்தாக வேண்டும் என்பது தெரிந்தது. ‘ஆமோ, ஆமாஸ், ஆமத்’ என்று எழுவாயைச் சொல்லாமலே வினை ஆளைக் காட்டுவதைக் கற்பிக்க இரண்டு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறேன். ‘வருகிறேன், வருகிறாய்’ என்று சனிக்கிழமை வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் அங்கே மற்றவர்களுக்குக் கைகொடுப்பார்கள். ‘ஃபெரார்’ எதிர்காலமாகவும் கொள்ளத்தக்கது, விழைவு வடிவமாகவும் கொள்ளத்தக்கது என்ற நுட்பத்தை இந்த ஆண்டு தொடப் போவதில்லை. அதைத் திட்டத் தாளின் ஓரத்தில் ‘லிசேக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.

நேற்று முதல் சீட்டைப் பயன்படுத்தினேன். எல்லையோடு எழுதிய இலக்கு, ஆறு புதிய வாக்கியங்கள், அவற்றில் மூன்று தலைகீழ் வரிசையில். முதல் பெஞ்சுப் பையன் ‘புவெல்லம்’ என்பதன் கடைசி எழுத்தை இரண்டு முறை அடிக்கோடிட்டு, பக்கத்தில் பிரெஞ்சில் ‘இவள்தான் அழைக்கப்படுபவள்’ என்று எழுதியிருந்தான். மூன்று பிள்ளைகள் மட்டும் இன்னமும் முதல் சொல்லையே எழுவாயாக எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய சீட்டுகளைத் தனியாகக் கிளிப்பு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடங்களில் டர்பன் ஐயாவின் நாய் வழக்கை அந்த மூவரையே வழக்கறிஞர்களாக நிறுத்தி நடத்தப் போகிறேன்.